விழாக்களின் வழியே ஜப்பான்

நுழையும்முன்

ஒரு நாட்டைக் காண்பதற்கு இடங்களின் பட்டியல் மட்டும் போதுமா? இடத்தோடு காலமும் கூடும்போதே பண்பாடு கண்ணுக்குப் புலனாகிறது. ஆண்டு முழுவதும் விழாக்கள் நிறைந்த நாடு ஜப்பான். அவ்விழாக்களை ஒட்டிப் பயணத்தைத் திட்டமிடும் முறையையும், விழாவைக் காணச் செல்வோர் ஏற்க வேண்டிய பொறுப்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இடமும் காலமும்

பயணத்திற்குத் திட்டமிடுவோர் பெரும்பாலும் இடங்களிலிருந்தே தொடங்குகின்றனர். கோட்டையும் அருவியும் அருங்காட்சியகமும் வருவோரை எதிர்நோக்கி ஆண்டு முழுவதும் நிற்கின்றன. விழாவோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை. ஒருநாள் பிந்திச் செல்பவர், கயிறுகள் அவிழ்க்கப்பட்ட தேர்ச்சட்டங்களையும் பெருக்கித் தூய்மை செய்யப்பட்ட தெருவையும் மட்டுமே காண்பார். எனவே, விழாக்களை ஒட்டிப் பயணம் செய்ய விரும்புவோர் நிலப்படத்தை விரிப்பதற்கு முன் நாள்காட்டியை விரித்தல் வேண்டும்.

ஜப்பானிய மொழியில் விழாவைக் குறிக்கும் சொல் 'மட்சுரி' என்பதாகும். வழிபடுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது இச்சொல். ஊர் கூடி வழிபடும் நிகழ்வே அங்கு விழாவாயிற்று. ஆட்டமும் இசையும் உணவும் அவ்வழிபாட்டைச் சூழ்ந்து வளர்ந்தவை. இவ்வுண்மையை உணர்ந்த பயணி, தான் காணச் செல்வது ஒரு காட்சியன்று, பிறருடைய வாழ்வின் ஒரு பகுதி என்பதை முதலிலேயே அறிந்துகொள்கிறார்.

இரண்டு நாள்காட்டிகள்

ஜப்பானிய விழா நாள்களைக் கணக்கிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. சந்திரனின் சுழற்சியையும் கதிரவனின் இயக்கத்தையும் இணைத்த பழைய நாள்காட்டியையே அந்நாடு நெடுங்காலம் பின்பற்றியது. மெய்ஜி அரசு 1873 ஜனவரி 1 முதல் மேலைநாட்டு நாள்காட்டியை ஏற்றது. ஆட்சியும் பள்ளியும் புதிய முறைக்கு மாறின. விழாக்களோ ஊருக்கு ஊர் வெவ்வேறு வழியைத் தேர்ந்தன. சில ஊர்கள் பழைய மாத எண்ணையும் நாள் எண்ணையும் அப்படியே புதிய நாள்காட்டிக்கு மாற்றிக்கொண்டன. சில ஊர்கள் பருவம் தவறக்கூடாது எனக் கருதி ஒரு மாதம் தள்ளி வைத்துக்கொண்டன. வேறு சில ஊர்கள் பழைய கணக்கை விடாது காத்தன.

முன்னோர் வழிபாட்டு விழாவாகிய 'ஒபோன்' இதற்குத் தக்க சான்றாகும். தோக்கியோவின் பல பகுதிகளில் அது ஜூலை நடுவிலும், நாட்டின் பெரும்பகுதியில் ஆகஸ்ட் நடுவிலும் கொண்டாடப்படுகிறது. ஒகினாவாத் தீவினர் பழைய நாள்காட்டியின்படி கொண்டாடுவதால் அங்கு ஆண்டுதோறும் நாள் மாறுகிறது. 'தனபாத்தா' என்னும் விண்மீன் விழா பல ஊர்களில் ஜூலை 7ஆம் நாளிலும், செண்டாய் நகரில் ஆகஸ்ட் 6 முதல் 8 வரையிலும் நிகழ்கிறது. ஆகவே, 'அவ்விழா எப்பொழுது?' என்று வினவினால் மட்டும் போதாது. 'எந்த ஊரில் எப்பொழுது?' என வினவுதல் வேண்டும்.

தெரியுமா?

ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008), ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்னும் கருத்தை முன்வைத்தவர். ஜப்பானில் ஜனவரி 15 அன்று கொண்டாடப்படும் சிறுபுத்தாண்டு வழக்கங்களையும் தமிழரின் பொங்கல் வழக்கங்களையும் அவர் ஒப்பிட்டு ஆராய்ந்தார். அந்நாளில் ஜப்பானியர் செந்நிறப் பயறு சேர்த்த கஞ்சி உண்பர். மொழி உறவு பற்றிய ஓனோவின் முடிவை மொழியியலறிஞர் பலர் ஏற்கவில்லை. எனினும், இவ்வொப்பீடு தமிழ் ஆய்வுலகின் கவனத்தைப் பெற்றது.

நாள் குறிக்கப்படாத விழா

வசந்த காலத்துச் செர்ரி மலர் காணல் விழாவிற்கு நிலையான நாள் இல்லை. மலரே அதன் நாளைக் குறிக்கிறது. ஒகினாவாவில் ஜனவரியில் தொடங்கும் மலர்ச்சி, மெல்ல வடக்கு நோக்கி நகர்ந்து, ஹொக்கைடோத் தீவை ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ அடைகிறது. ஒவ்வொரு நகரிலும் குறிப்பிட்ட ஒரு மரத்தை வானிலைத் துறையினர் கண்காணிக்கின்றனர். அதில் ஐந்தாறு பூக்கள் விரிந்ததும் மலர்ச்சி தொடங்கியதாக அறிவிக்கப்படுகிறது. முழு மலர்ச்சி ஏறத்தாழ ஒரு வாரமே நீடிக்கும்; இடையில் மழையும் காற்றும் வந்தால் அதுவும் குறையும்.

கியோத்தோ நகரின் மலர்ச்சி நாள்கள், ஒன்பதாம் நூற்றாண்டு முதலான நாட்குறிப்புகளிலிருந்தும் அரசவைக் குறிப்புகளிலிருந்தும் தொகுக்கப்பட்டுள்ளன. 2021ஆம் ஆண்டு அங்கு மார்ச் 26 அன்றே மரங்கள் முழுமையாக மலர்ந்தன. ஏறத்தாழ 1,200 ஆண்டுக்காலப் பதிவுகளில் அதுவே மிக முந்தியது என அப்போது அறிவிக்கப்பட்டது. புவி வெப்பமாதலும் நகர வெப்பமும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. மலர் பார்க்கச் செல்லும் பயணி, ஒரே நகரில் ஒரே நாளை நம்பியிராமல், தெற்கிலிருந்து வடக்காக இரண்டு மூன்று நகரங்களை இணைத்துத் திட்டமிடுவது நலம் பயக்கும்.

கொள்ளைநோயில் பிறந்த விழா

கியோத்தோவின் கியோன் விழா ஜூலை மாதம் முழுவதும் நடைபெறுகிறது. கி.பி. 869இல் கொள்ளைநோய் பரவியபோது, அக்காலத்து மாநிலங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப 66 நெடுவேல்களை நாட்டி நோய் நீங்க வழிபட்டனர். அவ்வழிபாடே இவ்விழாவின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. இன்று ஜூலை 17, 24 ஆகிய இரு நாள்களில் 34 தேர்கள் உலா வருகின்றன. அவற்றுள் பெரியவை ஏறத்தாழ 25 மீட்டர் உயரமும் 12 டன் எடையும் கொண்டவை. மரச்சட்டங்களை ஆணியின்றி வைக்கோற் கயிற்றாலேயே பிணைக்கின்றனர். தேரின் சக்கரங்கள் திசை திரும்பா. எனவே, தெரு முனைகளில் மூங்கிற் பிளாச்சுகளைப் பரப்பி, நீர் தெளித்து, அவற்றின் மீது தேரைப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்புகின்றனர். தேர் திரும்பும் அக்கணத்தைக் காண மக்கள் பல மணி நேரம் காத்திருக்கின்றனர். உலா முடிந்தவுடன் தேர்கள் பிரிக்கப்பட்டுவிடும்.

ஒவ்வொரு தேரும் ஒரு தெருவாருக்கு உரியது. அதைக் கட்டுவதும் காப்பதும் வருங்காலத்தவருக்குக் கற்பிப்பதும் அவர்கள் கடமை. யுனெஸ்கோ நிறுவனம் 2009இல் இத்தேருலாவை மானுடத்தின் வாய்மொழி, மரபுசார் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. நோய் நீங்க எடுக்கப்பட்ட இவ்விழாவின் உலா, கொரோனா பெருந்தொற்றால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் நிறுத்தப்பட்டு, 2022இல் மீண்டும் தொடங்கியது.

கோடைப் பயணத் திட்டம்: ஓர் எடுத்துக்காட்டு

ஜப்பானின் வடகிழக்குப் பகுதியில் ஆகஸ்ட் முதல் வாரத்தில் மூன்று பெருவிழாக்கள் அடுத்தடுத்து நிகழ்கின்றன. அகிதா நகரின் காந்தோ விழா 3 முதல் 6 வரையிலும், அவோமோரி நகரின் நெபுத்தா விழா 2 முதல் 7 வரையிலும், செண்டாய் நகரின் தனபாத்தா விழா 6 முதல் 8 வரையிலும் நடைபெறும். ஆகஸ்ட் 4இல் அகிதா, 6இல் அவோமோரி, 8இல் செண்டாய் என வரிசைப்படுத்தினால், ஐந்து நாள்களில் மூன்றையும் காணலாம்.

அகிதாவில் 12 மீட்டர் உயர மூங்கிற் கழியில் 46 காகித விளக்குகளைத் தொங்கவிட்டு, ஏறத்தாழ 50 கிலோ எடையுள்ள அதனை உள்ளங்கையிலும் நெற்றியிலும் தோளிலும் இடுப்பிலும் நிறுத்திக் காட்டுவர். நெற்கதிர் முற்றிச் சாய்வது போன்ற அவ்விளக்குக் கழிகள் நல்விளைச்சல் வேண்டும் வழிபாட்டின் அடையாளங்களாகும். அவோமோரியில் வீரர், தெய்வங்கள் ஆகியோரின் பேருருவங்கள் காகிதத்தால் வனையப்பட்டு, உள்ளே ஒளியேற்றி இழுத்து வரப்படும். உரிய ஆடை அணிந்த எவரும் அங்கு ஆடுவோருடன் சேர்ந்துகொள்ளலாம். செண்டாயில் தெருக்கள் தோறும் மூங்கிலில் காகிதத் தோரணங்கள் அசையும்.

இத்திட்டத்தில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. புத்தாண்டு, ஏப்ரல் இறுதி முதல் மே தொடக்கம் வரையிலான தொடர்விடுமுறை, ஆகஸ்ட் நடுவிலான ஒபோன் ஆகிய மூன்று காலங்களில் ஜப்பானியரே பெருந்தொகையினராகச் சொந்த ஊர்களுக்குச் செல்வர். தொடர்வண்டி இருக்கைகளும் தங்கும் விடுதிகளும் முன்கூட்டியே நிரம்பிவிடும். சிறு கடைகள் சில அடைக்கப்பட்டிருக்கும்.

முன்னோர் வரும் நாள்கள்

ஒபோன் நாள்களில் முன்னோரின் ஆன்மாக்கள் இல்லம் திரும்புவதாக மக்கள் நம்புகின்றனர். வாயிலில் தீ மூட்டி வரவேற்று, உணவு படைத்து, இறுதி நாளில் மீண்டும் தீ மூட்டி வழியனுப்புவர். கியோத்தோவில் ஆகஸ்ட் 16 இரவு ஐந்து மலைச்சரிவுகளில் பெருந்தீ ஏற்றப்படும். சில ஊர்களில் ஆற்றிலும் கடலிலும் விளக்குகள் மிதக்கவிடப்படும்.

கிபு மாநிலத்தின் குஜோ ஹச்சிமான் என்னும் சிற்றூரில் கோடையில் முப்பது இரவுகளுக்கு மேல் நடனம் நிகழ்கிறது. ஆகஸ்ட் 13 முதல் 16 வரை விடியவிடிய ஆடுவர். உள்ளூரார், வெளியூரார் என்னும் வேறுபாடு அங்கு இல்லை. முன்செல்பவரின் கைகால் அசைவைக் கண்டு, பின்வருபவர் வட்டத்தில் இணைந்துகொள்வர். காண்போர், ஆடுவோர் என்னும் எல்லை அழிவதே இவ்விழாவின் சிறப்பு.

பார்வையாளர் இருந்தும் நின்ற விழா

விழாவிற்கு வருவோர் எண்ணிக்கை மிகுந்தால் விழா வளரும் என்பது பொதுவான எண்ணம். இவாதே மாநிலத்துக் கொக்குசெக்கிக் கோயிலின் சோமின்சாய் விழா இவ்வெண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்குகிறது. கடும்பனிக் காலத்தில் இடைத்துணி மட்டும் அணிந்த ஆண்கள், தாயத்துகள் நிறைந்த பையைக் கைப்பற்றப் போட்டியிடுவது இவ்விழாவின் உச்சநிலை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரபுடையதாகப் போற்றப்பட்ட இவ்விழா, 2024 பிப்ரவரி 17 அன்று இறுதியாக நடைபெற்றது. பங்கேற்க வருவோருக்கும் பார்க்க வருவோருக்கும் குறைவில்லை. மரம் வெட்டித் தாயத்துச் செய்யவும் சடங்குகளை முறையாக நடத்தவும் அறிந்த கோயிற்குடியினர் முதுமையடைந்தனர்; அவர்களுக்குப் பின் அப்பணியை ஏற்க இளையோர் இல்லை. விழா நாளின் ஒரு மணி நேரக் காட்சிக்குப் பின்னே, பல மாத உழைப்பு நிற்கிறது. அவ்வுழைப்பிற்குக் கைகள் இல்லாதபோது, பார்வையாளரின் திரள் விழாவைக் காப்பாற்ற இயலாது.

மற்றொரு முனையில், மக்கள் நெரிசலே சுமையாகிறது. கியோத்தோவின் கியோன் பகுதியில் கலைஞர்களைப் பின்தொடர்ந்து ஒளிப்படம் எடுக்கும் செயல் பெருகியதால், தனியாருக்குரிய சில சந்துகளில் வெளியார் நுழைவதற்கு 2024இல் தடை விதிக்கப்பட்டது. ஓரிடத்தில் ஆளில்லாமை, ஓரிடத்தில் ஆள்மிகுதி. இவ்விரண்டிற்கும் இடையே பயணி தம் பங்கை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெயர்பெற்ற பெருவிழா ஒன்றுடன் அறியப்படாத சிற்றூர் விழா ஒன்றையும் திட்டத்தில் சேர்க்கலாம். அவ்வூரிலேயே தங்கி, அவ்வூர்க் கடையிலேயே உண்ணலாம். ஆடை, காலணி, ஒளிப்படம் ஆகியவை பற்றிய ஊரார் நெறிகளை முன்னரே கேட்டறியலாம். அழைக்கப்பட்ட இடத்தில் ஆடவும், அழைக்கப்படாத இடத்தில் ஒதுங்கி நிற்கவும் அறிதல் விருந்தினர்க்கு அழகு.

புதிதாய்ப் பிறந்த மரபு

மரபு என்பது பழையது மட்டுமன்று. 1950ஆம் ஆண்டு சப்போரோ நகரின் ஒதோரிப் பூங்காவில் பள்ளி மாணவர்கள் ஆறு பனிச்சிற்பங்களைச் செய்து வைத்தனர். அதுவே இன்று உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து காணும் சப்போரோ பனிவிழாவாக வளர்ந்துள்ளது. ஆயிரம் ஆண்டு விழா ஒன்று இளையோர் இன்மையால் நின்றது; மாணவர் கைகள் செய்த ஆறு சிற்பங்கள் ஒரு விழாவைத் தோற்றுவித்தன. விழாக்களின் வாழ்வு அவற்றின் தொன்மையைவிட, அவற்றை ஏற்று நடத்தும் இளைய தலைமுறையையே பெரிதும் சார்ந்துள்ளது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் விழா ஒன்றின் முன்னேற்பாடுகளில் ஈடுபடும் பெரியவர் ஒருவரைச் சந்தித்து, அவர் செய்யும் பணி, அதைக் கற்ற முறை, அடுத்து அதை ஏற்போர் யாவர் ஆகியவற்றைக் கேட்டுப் பதிவு செய்க.
2. அவ்விழாவைக் காண வரும் வெளியூர்ப் பயணிக்கான மூன்று நாள் பயணத் திட்டத்தையும் பின்பற்ற வேண்டிய நெறிகளையும் எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

ஜப்பான் மேலைநாட்டு நாள்காட்டியை ஏற்ற ஆண்டு
அ) 869 ஆ) 1873 இ) 1950 ஈ) 2009

குறுவினா

1. 'மட்சுரி' என்னும் சொல் உணர்த்தும் பொருள் யாது?
2. செர்ரி மலர்ச்சி தொடங்கியதை எவ்வாறு அறிவிக்கின்றனர்?

சிறுவினா

1. ஒரே விழா ஊருக்கு ஊர் வெவ்வேறு நாளில் நிகழ்வதற்கான காரணத்தைச் சான்றுடன் விளக்குக.
2. கியோன் விழாத் தேர்கள் தெரு முனைகளில் திருப்பப்படும் முறையை எழுதுக.

நெடுவினா

'பார்வையாளர் பெருகினால் விழா வாழும்' என்னும் கருத்தைப் பாடப்பகுதியிலுள்ள சான்றுகளைக் கொண்டு ஆராய்க.