கயிறு கரையேறும் வரை

இந்த ஆண்டு முதன்முதலாகக் கப்பலேறப் போகும் தம்பி தங்கைகளுக்கு,

சரக்குக் கப்பல்களில் வாட்ச் நின்றே தலை நரைத்தவன் நான். உங்களுக்குச் சொல்ல நினைப்பதையெல்லாம் ஒரு பழைய பாய்மரக் கப்பலை வைத்தே சொல்லிவிடுகிறேன். ஸ்வீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரத்துப் பெயரையே தாங்கிய ‘கோதேபோர்க்’ அது. 1738-ல் ஸ்டாக்ஹோமின் டெர்ரா நோவா கட்டுதளத்தில் உருவானது. சீனாவின் கான்டனுக்கு மூன்று முறை போனது. மூன்றாம் முறை திரும்பி வந்தபோது, 1745 செப்டம்பர் 12 அன்று, சொந்தத் துறைமுகத்தின் வாசலிலேயே பாறையில் ஏறி மூழ்கியது.

1. கப்பல் எதற்காக ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1731-ல் தொடங்கிய ஸ்வீடன் கிழக்கிந்தியக் கம்பெனி 1733-ல் நம் பரங்கிப்பேட்டையில் ஒரு பண்டகசாலை போட்டது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து அதை அடித்து நொறுக்கினார்கள். அதன்பின் அந்தக் கம்பெனியின் கண் பெரும்பாலும் கான்டன் மேல்தான். சீன வணிகர்கள் கேட்டது வெள்ளி. அதற்காகவே அந்தக் கப்பல்கள் முதலில் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்துக்குப் போய் வெள்ளி நாணயம் ஏற்றிக்கொண்டன. எந்த ஊரைத் தொட்டு எந்த ஊருக்குப் போவது என்பதைச் சரக்குதான் தீர்மானிக்கிறது. ஆகவே சேர்ந்த முதல் நாளே சரக்குப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

2. பருவக்காற்றுக்கு மரியாதை கொடுங்கள்.

கோதேபோர்க்கின் முதல் இரண்டு பயணங்களும் ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை ஆண்டில் முடிந்தன. 1743 மார்ச்சில் கிளம்பிய மூன்றாவது பயணம் வழியில் தாமதப்பட்டது. சீனக் கடலில் வடக்கே ஏற்றிச் செல்லும் காற்று அதற்குள் ஓய்ந்துவிட, ஜாவாவில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்து, 1744 செப்டம்பரில்தான் கான்டன் சேர்ந்தார்கள். போய்த் திரும்ப மொத்தம் இரண்டரை ஆண்டு. இன்று நமக்கு எஞ்சின் இருக்கிறது. ஆனாலும் ஆனி, ஆடியில் அரபிக்கடல் என்ன செய்யும் என்பதைப் போகப் போகப் பார்ப்பீர்கள்.

3. சரக்கை அடுக்கும் இடத்தில் நில்லுங்கள்.

கனமானதும் நனைந்தால் கெடாததும் அடியில். ஈரம் ஆகாதது மேலே. அந்தக் கப்பலில் உலோகமும் பீங்கானும் கீழே, தேயிலைப் பெட்டிகள் அவற்றின் மேலே. தேயிலை மட்டும் 350 டன்னுக்கு மேல். அந்த உலோகத்தை ஐரோப்பிய வணிகர்கள் ‘டூட்டினேக்’ என்றார்கள். நம் ‘துத்தநாகம்’ என்ற சொல்லுக்கு உறவு. அடுக்கியது யார், எப்படி அடுக்கினார் என்று பார்த்தவனுக்குத்தான் புயலிரவில் தூக்கம் வரும்.

4. உடம்பைக் காப்பதும் கப்பல் வேலைதான்.

அந்தக் காலத்தில் காய்கறி, பழம் இல்லாத நீண்ட பயணங்களில் ஈறு வீங்கி இரத்தம் கசிந்து மாலுமிகள் செத்துப்போனார்கள். புயலில் இறந்தவர்களைவிட நோயில் இறந்தவர்கள் அதிகம். வேளைக்குச் சாப்பிடுங்கள், கிடைத்த நேரத்தில் தூங்குங்கள்.

5. பைலட் ஏறியதும் கண்ணை மூடிவிடாதீர்கள்.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கோதேபோர்க் ஏறிய பாறையின் பெயர் ஹுன்னெபோடன். அது யாருக்கும் தெரியாத பாறையல்ல. அந்தக் கடலில் போகிற வருகிறவர்கள் எல்லோரும் அறிந்தது. கப்பலில் உள்ளூர்ப் பைலட்டும் இருந்தார். துறைமுகத்தைக் காக்கும் கோட்டை கண்ணெதிரே. அந்தப் பயணத்தில் மட்டும் நன்னம்பிக்கை முனையை இரு முறை சுற்றிய கப்பல் அங்கே போய் மோதியது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

எனக்கு இருபத்தாறு வயதில் இதே பாடம் கிடைத்தது. ஏழு மாதம் கழித்து ஊர் திரும்புகிறோம். நான் பிரிட்ஜில் நின்றேன். மனம் கேபினில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. பைலட் ஒரு பக்கம் சொல்ல, சுக்கான் பிடித்தவர் மறுபக்கம் திருப்பினார். பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான், பார்க்கவில்லை. கேப்டன் பார்த்தார், கப்பல் தப்பியது. அவர் என்னைத் திட்டவில்லை. சுக்கான் திரும்பியிருப்பதைக் காட்டும் முள்ளை விரலால் ஒருமுறை தொட்டுக் காட்டினார். அதன்பிறகு ஒரு துறைமுகத்திலும் அந்த முள்ளிலிருந்து நான் கண்ணை எடுத்ததில்லை.

6. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

கோதேபோர்க் ஏன் பாறையில் ஏறியது என்பது இன்றுவரை தீராத கேள்வி. நீரோட்டம் என்கிறார்கள், கவனக்குறைவு என்கிறார்கள், வேண்டுமென்றே மோதினார்கள் என்றுகூடச் சொல்கிறார்கள். எதற்கும் சான்று இல்லை. பயணம் முடிந்து கணக்கு தீர்ந்ததும் புத்தகங்களை எரித்துவிடும் வழக்கம் வேறு அந்தக் கம்பெனிக்கு இருந்தது. லாக் புத்தகத்தில் மணி, திசை, வேகம், யார் என்ன சொன்னார் என்பதை உடனுக்குடன் எழுதுங்கள். உங்கள் தவறாக இருந்தாலும் எழுதுங்கள். அந்த ஒரு வரி அடுத்த கப்பலைக் காப்பாற்றலாம்.

7. கப்பல் போனாலும் கடமை போகாது.

கப்பலில் இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலான கணக்கு அதுதான். சரக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மீட்டு ஏலம் விட்டபோது, செலவு போக லாபமே நின்றது. 1986 முதல் 1992 வரை முக்குளிப்பவர்கள் அந்தச் சேற்றைத் துழாவிப் பீங்கான் துண்டுகளையும், இரு நூற்றாண்டு நீரில் கிடந்த தேயிலையையும் எடுத்தார்கள். அது கிளப்பிய ஆர்வத்தில் பழைய முறையிலேயே ஒரு புதிய கோதேபோர்க் எழுந்தது. 2005-ல் சீனாவுக்குக் கிளம்பி, திரும்பும் வழியில் 2007-ல் சென்னைக்கும் வந்து, அதே ஆண்டு ஊர் சேர்ந்தது. பழைய கப்பல் தவறவிட்ட அந்தக் கடைசித் தூரத்தையும் அது கடந்துவிட்டது.

நீங்களும் அப்படித்தான் கடக்க வேண்டும். உங்கள் அம்மா துறைமுக வாசலில் காத்திருப்பார். கரை தெரியும், கைப்பேசிக்கு சிக்னல் வரும். அப்போதுதான் இன்னும் ஒருமுறை ஆழம் பாருங்கள். கயிறு கரையேறி, கட்டுத்தறியில் விழுந்து இறுகட்டும். அதன்பிறகு போய்ப் பெட்டியைக் கட்டுங்கள்.