வற்றிய ஏரியில் தூண்டிலுக்கு என்ன வேலை?

கேள்வி: ஐப்பசியிலிருந்து மாசி வரை ஞாயிறுதோறும் எங்கள் ஊர் ஏரியில் தூண்டில் போடுகிறேன். சித்திரை பிறந்தால் தண்ணீர் மதகோரம் சுருங்கிவிடுகிறது. மழை வரும்வரை தூண்டிலைப் பரணில் போட வேண்டியதுதானா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: தூண்டில் பரணில் கிடக்கட்டும். நீங்கள் மட்டும் ஒரு நோட்டும் பேனாவுமாக ஏரிக்குள் இறங்குங்கள்.

நிறைந்த ஏரியில் நாம் எல்லோருமே குத்துமதிப்பாகத்தான் எறிகிறோம். மேட்டூர் அணை 120 அடி நிரம்பியிருக்கும்போது பண்ணவாடிப் பக்கம் பார்த்தால் வெறும் தண்ணீர். மட்டம் நன்றாக இறங்கினால்தான் மூழ்கிய கோயிலின் நந்தி தலைகாட்டும். உங்கள் ஏரியில் நந்தி இருக்காது. ஆனால் வரத்துக்கால்வாய் உள்ளே ஓடிய பழைய தடம் இருக்கும். வெட்டிப்போட்ட கருவேல அடிக்கட்டை, வண்டல் அள்ளிய குழி, மதகுக்கு முன்னால் பள்ளமாகக் கிடக்கும் இடம் எல்லாம் தெரியும். ஐப்பசியில் மீன் ஒதுங்கப்போவது இங்கேதான். ஒரே இடத்தில் ஏழெட்டு முள்ளைப் பறிகொடுத்துவிட்டு 'பெரிய மீன் அறுத்துக்கொண்டு போச்சு' என்று சொல்லித் திரிந்தவன் நான். ஒரு கோடையில் போய்ப் பார்த்தால், என் முள்ளும் ஈயக்குண்டும் ஒரு கருவேலக் கட்டையில் தொங்குகின்றன!

பார்த்தால் மட்டும் போதாது, தண்ணீர் வந்தபின் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமே. குமரிக் கடலோர மீனவர்கள் கடலுக்கடியில் உள்ள பாறையை, கரையில் தெரியும் மலையையும் கோபுரத்தையும் நேர்க்கோட்டில் வைத்துக் குறித்துக்கொள்வார்கள், கணியம் என்பார்கள். அதையே செய்யுங்கள். கட்டைக்குப் பக்கத்தில் நின்று கரையைப் பாருங்கள். மதகுக்கு நேர் பின்னால் எந்தப் பனை? வலப்பக்கம் மின்கோபுரத்தோடு சேர்ந்து தெரிவது எது? இந்த இரண்டு கோடும் வெட்டும் இடம் உங்களுடையது. ஆழத்தையும் எழுதிக்கொள்ளலாம். கலங்கலின் மேல்மட்டம்தான் ஏரி நிறையும் மட்டம். அதிலிருந்து நீங்கள் நிற்கும் தரை எத்தனை அடி கீழே இருக்கிறதோ, தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே விட வேண்டிய நரம்பின் கணக்கு அதில் இருக்கிறது. மிர்கால் தரையை ஒட்டி மேயும், ரோகு நடுவில், கட்லா மேல்தண்ணீரில். ஆழம் தெரியாதவனுக்கு இந்த வேறுபாட்டால் பயனே இல்லை.

காய்ந்த ஓரத்தில் வட்டவட்டமாகத் தட்டு கவிழ்த்ததுபோல் பள்ளங்கள் தெரிகின்றனவா? ஜிலேபி மீன் முட்டையிடத் தோண்டியவை. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் இல்லாத ஏரியை இன்று தேட வேண்டும். அந்த ஓரத்தைத் தண்ணீர் மூடும்போது மண்புழுவோடு போய் உட்காருங்கள்.

ஒரு எச்சரிக்கை. மண் அள்ளிய குழிகளின் ஓரம் வெடித்துக் காய்ந்ததுபோல் இருக்கும். கால் வைத்தால் சேற்றில் இடுப்புவரை இறக்கிவிடும். தனியாகப் போகாதீர்கள். நோட்டில் அந்தக் குழிகளைச் சிவப்பில் குறியுங்கள். மழைக்குப் பிறகு பிள்ளைகள் மூழ்குவது அங்கேதான்.

கேள்வி: மீதமிருக்கும் அந்தக் குட்டைத் தண்ணீரிலேயே எறிந்தால் நிறையப் பிடிக்கலாமே?
– அதே வாசகர்

பதில்: கொஞ்சம் பிடிக்கலாம், ஆனால் அதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. பாசி மண்டிய குட்டையில் விடியற்காலை இன்னும் மோசம். கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும், இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. விராலும் தேளியும் வெளிக்காற்றைச் சுவாசிப்பதால் தாக்குப்பிடிக்கும். ஆசை விடவில்லை என்றால் விராலுக்கு மட்டும் போடுங்கள். மெல்லிய நரம்பு, சிறிய தக்கை, உங்கள் நிழல் தண்ணீரில் விழாத இடம். குட்டை நீரில் விரால் உங்கள் காலடி அதிர்வை உணர்ந்து ஒதுங்கும். பூனைநடை பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் விட்டுவிடுங்கள், தாயும் தகப்பனும் கீழே காவல் காக்கும்.

முதலில் ஏரியின் மீன் குத்தகைதாரரைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். வற்றும் நேரத்தில்தான் அவர் வலை இறக்குவார், அந்த நாளில் தூண்டிலோடு போய் நின்றால் ஏச்சுதான் கிடைக்கும். வெறுங்கையோடு போனால், எந்தப் பள்ளத்தில் எந்த மீன் கிடந்தது என்று வலையிலேயே பார்த்துவிடலாம்.