மேசைவிரிப்பும் கணினித் திரையும்: இரட்டை நகரங்கள் கற்பிக்கும் பாடம்

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள கோவென்ட்ரி ஒரு தொழில் நகரம். 1940 நவம்பர் 14 அன்று இரவு ஜெர்மானிய விமானங்கள் அந்நகரின்மீது குண்டுமழை பொழிந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரின் பழம்பெரும் பேராலயம், சுவர்கள் மட்டும் எஞ்சிய இடிபாடாயிற்று. ஈராண்டுகளுக்குள் சோவியத் ஒன்றியத்தின் ஸ்டாலின்கிராடு நகரம் அதனினும் கொடிய அழிவைச் சந்தித்தது. 1942 ஆகஸ்ட் முதல் 1943 பிப்ரவரி வரை நீடித்த போரில் அந்நகரம் ஏறத்தாழ முற்றிலும் தரைமட்டமாயிற்று.

இச்செய்தி கோவென்ட்ரியை எட்டியது. அந்நகரப் பெண்கள் 830 பேர் ஒரு மேசைவிரிப்பில் தத்தம் பெயர்களை நூலால் தைத்தனர். பெரிய அனுதாபத்தைக் காட்டிலும் சிறிய உதவி மேலானது என்னும் பொருள்பட ஒரு வாசகத்தையும் அதில் பொறித்தனர். திரட்டிய பணத்துடன் அவ்விரிப்பு ஸ்டாலின்கிராடுக்கு அனுப்பப்பட்டது. 1944இல், போர் முடிவதற்கு முன்னரே, இரு நகரங்களும் தம்மை இணை நகரங்களாக அறிவித்துக்கொண்டன. ஸ்டாலின்கிராடு 1961இல் வோல்கோகிராடு எனப் பெயர் மாறியது. அந்த மேசைவிரிப்பு அங்குள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

'இரட்டை நகரம்' என்றதும் நம் நாட்டினருக்கு ஹைதராபாத்–செகந்தராபாத், ஹூப்ளி–தார்வாட் போன்ற அண்டை நகரங்களே நினைவுக்கு வரும். அவை நிலத்தால் இணைந்தவை. இக்கட்டுரை பேசுவது வேறு இருவகை இரட்டைகளைப் பற்றி. முதலாவது, கடல் கடந்த இரு நகரங்கள் உடன்படிக்கையால் இணைவது. இரண்டாவது, ஒரு நகரத்தின் உருவத்தையும் இயக்கத்தையும் கணினியில் மறுபடைப்பாக அமைப்பது. பெயரில் மட்டுமே ஒற்றுமை உடையவைபோல் தோன்றும் இவ்விரண்டும் ஒரே பாடத்தைத்தான் கற்பிக்கின்றன. இரு பக்கமும் இடையறாது நடைபெறும் பரிமாற்றமே இரட்டைக்கு உயிர். அது நின்றுவிட்டால் எஞ்சுவது வெறும் பெயர்ப்பலகையே.

பகையிலிருந்து பிறந்த உறவு

துயரில் பங்குகொண்ட நகரங்கள் இணைவது இயல்பு. பகை நகரங்கள் இணைவது அரிது. கோவென்ட்ரி அதனையும் செய்தது. 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சால் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் எரிந்து சாம்பலாயிற்று. 1959இல் கோவென்ட்ரி அந்த டிரெஸ்டனுடனேயே இணைந்தது. எரிக்கப்பட்ட நகரம், தன் நாட்டு விமானங்களால் எரிக்கப்பட்ட மற்றொரு நகரத்திற்குக் கை நீட்டியது.

பிரான்சின் மோன்பெலியாரும் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க்கும் 1950இல் உறவைத் தொடங்கின. பிரெஞ்சு, ஜெர்மானிய நகரங்களுக்கிடையே போருக்குப்பின் மலர்ந்த முதல் இணைப்பு இதுவே. அப்போது மோன்பெலியாரின் மேயராக இருந்தவர் லூசியன் தராதென். நாஜி எதிர்ப்புப் போராளியான அவர், புக்கென்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிர் மீண்டவர். அத்தகைய ஒருவரே ஜெர்மானிய நகரத்தின் கையைப் பற்ற முன்வந்தார் என்பது இவ்வியக்கத்தின் தார்மீக வலிமையைக் காட்டுகிறது. இரு நாட்டு அரசுகளும் எலிசே நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1963இல். நகரங்கள் அரசுகளைக் காட்டிலும் பதின்மூன்று ஆண்டுகள் முந்திவிட்டன. இன்று அவ்விரு நாடுகளுக்கிடையே 2,000க்கும் மேற்பட்ட நகர இணைப்புகள் உள்ளன. மாணவர் பரிமாற்றம், இசைக்குழுக்களின் வருகை, விளையாட்டுப் போட்டிகள் எனச் சிறு சிறு செயல்களே அவற்றைத் தாங்கி நிற்கின்றன.

பசிபிக் கடலின் இருகரையிலும் இதே வரலாறு நிகழ்ந்தது. அமெரிக்காவின் செயின்ட் பால் நகரமும் அணுகுண்டால் அழிந்த நாகசாகியும் 1955 டிசம்பர் 7 அன்று இணைந்தன. பெர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அதே நாளில் என்பதை எவரும் மறந்திருக்க இயலாது. மறுஆண்டு அமெரிக்க அதிபர் ஐசனோவர் மக்களுக்கும் மக்களுக்குமிடையிலான உறவை வளர்க்கும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அதிலிருந்தே அந்நாட்டின் 'சகோதரி நகரங்கள்' அமைப்பு வளர்ந்தது.

இந்திய நகரங்களின் இணைகள்

இந்திய நகரங்களும் இவ்வட்டத்தில் உள்ளன. மும்பையும் ஜப்பானின் யோகோஹாமாவும் 1965இல் இணைந்தன. சென்னை, 1960களில் வோல்கோகிராடுடனும் 1984இல் அமெரிக்காவின் டென்வருடனும் இணைந்தது. கோவென்ட்ரிப் பெண்கள் விரிப்பு அனுப்பிய அதே நகரம் சென்னைக்கும் சகோதரி என்பது பலர் அறியாத செய்தி.

அண்மைக்கால இணைப்புகளுள் குறிப்பிடத்தக்கது வாரணாசி–கியோத்தோ உடன்படிக்கை. 2014 ஆகஸ்ட் 30 அன்று கியோத்தோவில், இரு நாட்டுப் பிரதமர்களின் முன்னிலையில் அது கையெழுத்தாயிற்று. இரண்டும் தொன்மையான கோயில் நகரங்கள்; இரண்டும் வாழும் நகரங்கள். பழமையைக் காத்துக்கொண்டே புதுவாழ்வுக்கு வழிவிடுவது எங்ஙனம் என்பதே இரண்டின் பொதுக் கேள்வி. கியோத்தோ 2007இல் ஒரு துணிவான விடை கண்டது. நகர மையத்தில் கட்டடங்களின் உச்ச உயரத்தை 45 மீட்டரிலிருந்து 31 மீட்டராகக் குறைத்தது. விளம்பரப் பலகைகளுக்கும் கடும் கட்டுப்பாடு விதித்தது. நிலமதிப்பு மிகுந்த இடத்தில் இத்தகைய முடிவெடுப்பதற்கு உரிமையாளர்களின் இழப்பையும் எதிர்ப்பையும் எதிர்கொள்ளும் மனவுறுதி வேண்டும். இணை நகரத்திடம் கற்க வேண்டியது இத்தகைய அனுபவத்தையே. வரவேற்பு வளைவின் அழகையன்று.

எனினும், எல்லா இணைப்புகளும் இவ்வாறு பயன் தருவதில்லை. கையெழுத்து, புகைப்படம், ஒருமுறை தூதுக்குழுப் பயணம் என்பதோடு முடிந்துவிடும் உடன்படிக்கைகள் உலகெங்கும் உண்டு. அரசியல் புயலும் அவற்றைத் தாக்கும். 2022இல் உக்ரைன் போர் மூண்டபின் மேலை நாட்டு நகரங்கள் பல, ரஷ்ய நகரங்களுடனான தம் இணைப்புகளை இடைநிறுத்தின. புழக்கமற்ற வங்கிக் கணக்கைப்போல, பரிவர்த்தனை இல்லாத உறவும் செயலிழந்துபோகும்.

நகரத்திற்குக் கணினியில் ஓர் இரட்டை

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். 'டிஜிட்டல் இரட்டை' என்னும் கருத்து நகரத்தில் பிறந்ததன்று. தொழிற்கூடத்திலும் விண்வெளியிலும் பிறந்தது. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 விண்கலத்தின் ஆக்சிஜன் கலன் வெடித்தபோது, தரையிலிருந்த பொறியாளர்கள் பயிற்சிக்கான மாதிரிக் கலங்களில் அதே நிலைமையை உருவாக்கி, வழிகளைச் சோதித்து, விண்வெளி வீரர்களுக்கு அறிவுரை அனுப்பினர். மூவரும் உயிருடன் திரும்பினர். தொலைவிலுள்ள பொருளுக்கு அருகில் ஒரு மறுபடைப்பு இருந்தால், ஆபத்தான சோதனையை மறுபடைப்பில் செய்துபார்க்கலாம் என்பதே இதன் அடிப்படை. 2002இல் மைக்கேல் கிரீவ்ஸ் என்னும் அறிஞர் இக்கருத்தைத் தொழிற்பொருள்களுக்கான கணினி அமைப்பாக விளக்கினார். 2010ஆம் ஆண்டளவில் நாசாவின் ஆவணங்களில் 'டிஜிட்டல் இரட்டை' என்னும் பெயர் நிலைபெற்றது.

பின்னர் இக்கருத்து நகரங்களுக்கு வந்தது. சிங்கப்பூர் 2014இல் 'வர்ச்சுவல் சிங்கப்பூர்' திட்டத்தை அறிவித்தது. அதன் மதிப்பு 7.3 கோடி சிங்கப்பூர் டாலர். விமானத்திலிருந்தும் தரையிலிருந்தும் லேசர் கதிர்களாலும் ஒளிப்படங்களாலும் நாடு முழுவதும் அளக்கப்பட்டு முப்பரிமாண உருவம் பெற்றது. எந்தக் கூரையில் எவ்வளவு வெயில் விழும், எங்கே சூரிய மின்தகடு பயன்தரும் என்பன போன்ற கேள்விகளுக்கு அதில் விடை தேடலாம். பின்லாந்தின் ஹெல்சிங்கி தன் முப்பரிமாண உருவத்தை எவரும் பதிவிறக்கிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அந்நகரின் கலாசதாமா பகுதியில் காற்றின் போக்கும் நிழலின் நீளமும் கணினியில் ஆராயப்பட்டன. ஜப்பான் 2020இல் 'பிளாட்டோ' என்னும் பெயரில் பல நகரங்களின் உருவங்களைப் பொதுத் தரவாக வெளியிடும் பணியைத் தொடங்கியது.

இந்தியாவின் தேசிய புவிசார் கொள்கை 2022 டிசம்பரில் அறிவிக்கையானது. பெருநகரங்களுக்கும் முக்கிய நகரங்களுக்கும் 2035ஆம் ஆண்டிற்குள் டிஜிட்டல் இரட்டைகளை உருவாக்குவது அதன் குறிக்கோள்களுள் ஒன்று. ஆகவே, இது நம் வாழ்நாளில் நம் தெருவுக்கும் வரவிருக்கும் ஏற்பாடு.

மூன்று படிகள்

கணினியில் காணும் நகர உருவங்கள் யாவும் இரட்டை ஆகா. இதனை வங்கி வாடிக்கையாளர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

முதற்படி, மாதிரி. அளந்த நாளின் நிலைமையை மட்டும் அது காட்டும். சென்ற ஆண்டு பதிவிட்டு அலமாரியில் வைத்த பாஸ்புக் போன்றது. அன்றைய இருப்பு சரி, இன்றைய இருப்பு தெரியாது.

இரண்டாம் படி, நிழல். மழைமானி, போக்குவரத்துக் கருவி, குடிநீர்க் குழாய் அளவி ஆகியவற்றின் தகவல் தானாகவே வந்து பதிவாகும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி போன்றது இது. உண்மை மாறினால் பதிவும் மாறும். பதிவு உண்மையை மாற்றாது.

மூன்றாம் படியே இரட்டை. இங்கே ஓட்டம் இருவழிப்பட்டது. நகரத்திலிருந்து தகவல் வருகிறது. கணினியில் ஆராய்ந்த முடிவு நகரத்திற்குத் திரும்பிச் செல்கிறது. நீர்மட்டம் உயர்வதைக் கண்டு மதகு திறக்கப்படுகிறது. நெரிசலைக் கண்டு சைகை விளக்கின் நேரம் மாற்றப்படுகிறது. செயலியில் இருப்பைப் பார்த்து, அங்கேயே பணம் செலுத்த, கணக்கும் உடனே மாறுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

மூன்றாம் படியின் ஆற்றல் பெரிது. பிழையின் விலையும் அத்துணைப் பெரிது. தூர்வாரப்படாத வடிகால் முழு ஆழமுடையதெனப் பதிவாகியிருந்தால், கனமழையில் அத்தெருவில் நீர் தேங்காது என்றே கணினி சொல்லும். அதனை நம்பியவர் வீட்டுக்குள் வெள்ளம் புகும்.

பதிவில் இல்லாதவர் யார்?

பிழையான பதிவைக் காட்டிலும் கொடியது, பதிவே இல்லாமை. மேலிருந்து எடுக்கும் படத்தில் கூரை தெரியும். கூரைக்குக் கீழே எத்தனை குடும்பம் என்பது தெரியாது. நடைபாதையின் அகலம் தெரியும். விடியற்காலையில் அங்கே கடை விரித்து, படமெடுக்கும் நேரத்தில் மூட்டை கட்டிவிடும் பூக்காரப் பெண்மணியைத் தெரியாது. அவர் இல்லாத உருவத்தை வைத்துத் திட்டமிட்டால், நடைபாதை காலியாக உள்ளது என்பதே முடிவாகும்.

பதிவில் இருப்பதும் இல்லாமையும் ஒருவரது வாழ்வை எவ்வளவு மாற்றும் என்பதை வங்கித்துறை அண்மையில் கண்டது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம், ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கெடுப்பு நடத்தக் கூறுகிறது. 2020 ஜூன் மாதம் பிரதமரின் ஸ்வநிதி திட்டம் தொடங்கியபோது, இவ்வணிகர்களுக்கு முதற்கட்டமாக 10,000 ரூபாய் வரை பிணையில்லாக் கடன் வழங்க வழி ஏற்பட்டது. கணக்கெடுப்பில் இடம்பெற்றுச் சான்றிதழோ அடையாள அட்டையோ பெற்றவர்கள் தகுதியை எளிதில் காட்ட முடிந்தது. ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் வணிகம் செய்தும் கணக்கெடுப்பில் விடுபட்டவர்களுக்கு உள்ளாட்சி அமைப்பின் பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது. விடுபட்டோரையும் சேர்க்கும் அவ்வாயிலைத் திட்டமே திறந்துவைத்தது பாராட்டுக்குரியது. நகரங்களின் டிஜிட்டல் இரட்டைகளிலும் அத்தகைய வாயில் தொடக்கத்திலேயே அமைய வேண்டும். யார் வசிக்கிறார், எங்கே செல்கிறார் என்பதெல்லாம் பதிவாகும்போது தனியுரிமையும் காக்கப்பட வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

குடிமக்களின் பங்கு

பாஸ்புக்கில் தவறு கண்டால் நாம் வாளாவிருப்பதில்லை. கிளைக்குச் சென்று திருத்துகிறோம். நகரத்தின் பதிவுக்கும் அதே அக்கறை உரியது. சொத்துவரிப் பதிவிலுள்ள கட்டட அளவும் பயன்பாடும் சரியாக உள்ளனவா எனப் பார்ப்பது முதற்பணி. நகர உருவங்களுக்கு அடித்தளமாகும் தரவுகளுள் அதுவும் ஒன்று. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய அரசமைப்புச் சட்டத்தின் 74ஆம் திருத்தம் வகைசெய்கிறது. மழைக்காலத்தில் நம் தெருவில் நீர் எங்கே நிற்கிறது, எந்த வடிகால் அடைபட்டுள்ளது என்பதை அங்கே எடுத்துரைக்கலாம். கருவிகளின் பதிவில் விடுபடக்கூடிய தகவல் அது.

கோவென்ட்ரியிலிருந்து சென்ற விரிப்பு சிறியது. ஆனால், அதில் ஒவ்வொரு பெயரையும் ஒரு பெண் தன் கையால் தைத்தாள். நம் நகரங்களின் கணினி உருவங்கள் மிகப் பெரியவையாக அமையும். அவற்றில் நம் தெருவும் அத்தெருவில் பிழைக்கும் எளியவரும் விடுபடாதிருக்க, நாமும் கை கொடுத்தாக வேண்டும்.

வாசகர் சிந்தனைக்கு

1. உங்கள் நகரத்திற்கு இணை நகரம் உண்டா? உண்டெனில், கடந்த ஐந்தாண்டுகளில் அதனிடமிருந்து கற்றுக்கொண்டது என்ன?

2. உங்கள் தெருவின் கணினி உருவம் நாளை தயாரானால், அதில் விடுபடக்கூடியவர் யார்?

3. அவரைப் பதிவில் சேர்க்க உங்களால் இயன்ற சிறிய உதவி எது?