மின்சாரத்துக்கு மாற்றப் பழைய கார் தேடுகிறீர்களா? இன்ஜினைக் கடைசியாகப் பாருங்கள்

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனால் நம் கை நேராக பானெட்டுக்குத்தான் போகும். ஸ்டார்ட் பண்ணு, ஆக்சிலேட்டரை மிதி, புகை வெள்ளையா நீலமா பார் என்பதுதான் காலங்காலமாக நாம் வைக்கும் பரீட்சை. பெட்ரோல் காரை வாங்கி மின்சாரத்துக்கு மாற்ற நினைப்பவருக்கு இந்தப் பரீட்சை அவசியமில்லை. புகைகிற இன்ஜின் எப்படியும் கழன்று காயலான் கடைக்குப் போகப்போகிறது. நம்மோடு இருக்கப்போவது கூடு, கியர் பாக்ஸ், பிரேக், ஸ்டியரிங், ஆர்.சி. புக். காசு கொடுப்பது இவற்றுக்குத்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு தேடக் கிளம்புங்கள்.

1. முதலில் மோட்டாரும் பேட்டரியும் அடங்கிய கிட்டைத் தேடுங்கள், பிறகு காரை. பலர் இதைத் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். நம் நாட்டில் ஓடுகிற வண்டியில் மின் மோட்டார் பொருத்த ஏ.ஐ.எஸ். 123 என்ற தர விதி இருக்கிறது. புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட் போன்ற சோதனை நிலையங்கள் கிட்டைப் பரிசோதித்துச் சான்று தருகின்றன. அந்தச் சான்று மாடல்வாரியாகத் தரப்படுவது. ஒரு காருக்கு வாங்கியதை இன்னொரு காருக்குக் காட்ட முடியாது. ஆகவே எந்தெந்த மாடலுக்குச் சான்று பெற்ற கிட் கிடைக்கிறது என்று கேட்டு, சான்றின் நகலை வாங்கி, அதில் மாடல் பெயரும் செல்லுபடியாகும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கார் தேடுங்கள். “எந்த வண்டியா இருந்தாலும் கொண்டு வாங்க சார், போட்டுடலாம்” என்பவரிடம் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

2. ஆர்.சி. புக்கை நிதானமாகப் படியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவில் இருக்கும் விவரம் மாறும்படி வண்டியில் கை வைத்தால் அந்த மாற்றம் பதிவில் ஏற வேண்டும். ‘பெட்ரோல்’ என்ற இடத்தில் மின்சாரம் என்று மாற ஆர்.டி.ஓ. அலுவலகம் போகத்தான் வேண்டும். அங்கே உதைக்கிற விஷயங்கள் மூன்று. பேங்க் கடன் அடைந்தும் ஹைபோதிகேஷன் நீக்கப்படாமல் இருப்பது, விற்பவர் பெயருக்கே வண்டி மாறாமல் இருப்பது, சேஸிஸ் எண் துருவில் அழிந்திருப்பது. சேஸிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். எல்லா எழுத்தும் தெளிவாக விழவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.

3. மோட்டார் புதிதாக வந்தாலும் காரின் வயது குறையாது. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம், பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 14 வருடம் ஓடிய வண்டியை மலிவாக வாங்கி, லட்சக்கணக்கில் செலவழித்து மாற்றி, அடுத்த வருடம் தகுதிச் சோதனையில் நிற்பதைவிட, ஒருமுறை புதுப்பித்த ஆர்.சி. கையில் உள்ள வண்டியை வாங்குவது நிம்மதி.

4. துருவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று உப்புக்காற்று அடிக்கிற ஊர் வண்டி மேலே பளபளவென்று இருக்கும், அடியில் அப்பளமாக இருக்கும். நண்பர் ஒருவருக்காகப் போய்ப் பார்த்த சின்ன கார் ஒன்று, பெயின்ட் அப்படியொரு மினுமினுப்பு. டிரைவர் பக்க மேட்டைத் தூக்கியதும் ஒரு தகரம். தகரத்தைத் தூக்கியதும் கீழே தார் ரோடு.

ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மெல்லிய துணி சுற்றி பாடியில் வைத்தால், நல்ல தகடு ‘டப்’பென்று பிடிக்கும், தடிமனாகப் பட்டி போட்ட இடத்தில் வழுக்கும். கதவில் வழுக்கினால் பேரம் பேசலாம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் படிக்கட்டுப் பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், ஸ்டெப்னி கிடக்கும் குழி, முன்பக்க ஷாக் அப்சார்பர் மேலே போல்ட் ஏறும் இடம் ஆகிய நாலில் எங்கு வழுக்கினாலும் திரும்பிவிடுங்கள். இது அழகுப் பிரச்சினை இல்லை. நூறு கிலோவுக்கு மேல் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கப்போவது அந்தத் தகடுகள்தான்.

5. வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பாருங்கள். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் என்று சென்னை இரண்டு முறை மூழ்கியதில் குளித்த கார்கள் பல கை மாறி வெளியூர் போயிருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக்கறை தெரியும். சீட்டுக்கு அடியிலுள்ள ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும். நாம் புதிதாக ஒயர் இழுத்தாலும் விளக்கு, வைப்பர், ஹார்னுக்குப் பழைய ஒயரிங்தான் இருக்கப்போகிறது. நனைந்த ஒயரிங் விடாமல் தொந்தரவு தரும்.

6. உங்கள் வீட்டு ஓட்டம் எத்தனை கிலோமீட்டர்? ஒரு வாரம் மீட்டரைக் குறித்து வையுங்கள். எண்ணூறு கிலோ எடையுள்ள சின்ன கார் ஊருக்குள் நிதானமாக ஓடினால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எட்டு முதல் பத்து கி.மீ. போகும். 15 யூனிட் கொள்கிற பேட்டரியை அடிமட்டம் வரை வறட்டக் கூடாது. 13 யூனிட் உபயோகம் என்று வைத்தால் நூறு கி.மீ. சொச்சம் வரும். ஏ.சி. போட்டால் அதிலும் கழியும். தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குப் போய்த் திரும்புகிறவருக்கு இது தாராளம்.

மலை ஏறுகிறவர்கள் கணக்கு வேறு. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். ஒரு டன் வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே ஐந்து யூனிட் போய்விடும். சாலை, காற்று, வளைவு எல்லாம் அதற்கு மேல். ஊட்டியில் மாமியார் வீடு என்றால் பெட்ரோல் காரையே வைத்துக்கொள்ளலாம்.

7. எடைக் கணக்கைப் பேப்பரில் போடுங்கள். மாருதி 800 வெறும் வண்டியாக ஏறக்குறைய 650 கிலோ. ஆளும் சாமானும் சேர்த்து ஆயிரம் கிலோவரைதான் தாங்கும். ஐந்து பேர் உட்கார்ந்தாலே கிட்டத்தட்ட அந்த இடைவெளி நிரம்பிவிடும். ஆகவே கிட் விற்பவரிடம் இரண்டு பட்டியல் கேளுங்கள். இன்ஜின், ரேடியேட்டர், சைலன்ஸர், பெட்ரோல் டேங்க் என்று இறங்குவது எத்தனை கிலோ? மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் என்று ஏறுவது எத்தனை கிலோ? எழுதித் தரத் தயங்குகிறவர் எடை போட்டே பார்த்திருக்க மாட்டார்.

8. ஈய பேட்டரி மலிவு என்று ஆசைப்பட்டால் எந்தக் காரும் பொருத்தமான கார் இல்லை. 15 யூனிட்டுக்கு இன்வெர்ட்டர் வகை ஈய பேட்டரி அடுக்கினால் நானூறு கிலோவைத் தாண்டும். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் நூற்றுச் சொச்சம் கிலோவில் முடியும். 2001-ல் பெங்களூருவிலிருந்து வந்த ரேவா ஈய பேட்டரியில்தான் ஓடியது. அதற்காகவே அளவெடுத்துத் தைத்த குட்டி வண்டி அது; நம் கார் அப்படிப் பிறந்ததில்லை.

9. எந்த மாடல் என்று கேட்பவர்களுக்கு, என் கணக்கு இது.

மாருதி 800, ஆல்ட்டோ: எடை குறைவு, எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றி மாட்டத் தெரியும். 800-ன் தயாரிப்பு 2014-ல் நின்றாலும் சாமான்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. இடம்தான் நெருக்கம், டிக்கியில் பேட்டரி வந்தால் காய்கறிக் கூடை மடியில்தான்.

வேகன் ஆர்: உயரமான கூடு, நிமிர்ந்த சீட். வீட்டில் முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால் என் முதல் ஓட்டு இதற்கு.

ஆம்னி: சீட்டுக்கு அடியிலும் நடுவிலும் இடம் ஏராளம். கடைக்குச் சரக்கு எடுக்கிறவர்களுக்கு அருமை. ஆனால் முன்னால் மூக்கே கிடையாது, நம் முழங்கால்தான் பம்பர். அதை மறந்து வேகம் போக வேண்டாம்.

நானோ: இன்ஜின் பின்னால், எடை குறைவு, இப்போது விலையும் குறைவு. கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் 2017-ல் இதன் கூட்டில் மின் மோட்டார் வைத்து ‘நியோ’ என்று கொண்டுவந்தது. ரத்தன் டாடாவுக்கும் 2022-ல் எலெக்ட்ரா ஈ.வி. நிறுவனம் ஒரு மின்சார நானோ செய்து கொடுத்தது. ஆக இது முடியும் என்று தெரிந்த கூடு. நெடுஞ்சாலைக்கு ஆசைப்படாதவர்கள் எடுக்கலாம்.

அம்பாசடர்: இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பானெட்டுக்குள் ஆளே படுக்கலாம், அவ்வளவு இடம். ஆனால் வண்டி எடையே ஒரு டன்னுக்கு மேல். அதே பேட்டரியில் ஆல்ட்டோ போகும் தூரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் போகும். அப்பா ஓட்டிய வண்டி, கல்யாணத்துக்கு மாலை போட்ட வண்டி என்றால் செய்யுங்கள். அது பாசத்துக்கு ஆகும் செலவு, பெட்ரோல் மிச்சக் கணக்கில் சேராது.

10. மேனுவல் கியர் வண்டியாக எடுங்கள். மோட்டாரை இருக்கிற கியர் பாக்ஸிலேயே ஒரு தகடு வைத்துப் பூட்டிவிடலாம். ஊருக்குள் பெரும்பாலும் ஒரே கியரில் ஓட்டம் முடிந்துவிடும். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குள் ஆயில் அழுத்தம் குறையாமலிருக்க இன்ஜின் சும்மா சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டார் சிக்னலில் நின்றால் முழுக்க நின்றுவிடும்.

11. சாதா ஸ்டியரிங்கோ, எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கோ இருந்தால் நல்லது. பின்னது 12 வோல்ட்டில் வேலை செய்வதால் அப்படியே விட்டுவிடலாம். ஆயில் ஊற்றுகிற வகை இன்ஜின் பெல்ட்டில் சுற்றுவது. இன்ஜின் போனால் அதற்குத் தனி மோட்டார் வேண்டும்.

12. பிரேக் பூஸ்டரும் அப்படித்தான். பெடலை மெதுவாக மிதித்தாலே பிரேக் பிடிப்பதற்குக் காரணம் பெட்ரோல் இன்ஜின் உறிஞ்சும் காற்று. கிட்டில் தனி வேக்குவம் பம்ப் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

13. ஏ.சி. கட்டாயம் வேண்டுமா என்று வீட்டில் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பழைய கம்ப்ரஸரும் பெல்ட்டில் ஓடுவதுதான். மின்சார கம்ப்ரஸருக்குத் தனிச் செலவு.

14. எலெக்ட்ரானிக்ஸ் குறைந்த வண்டியே மேல். 2000-க்கு முந்தைய கார்புரேட்டர் வண்டியில் இன்ஜினைத் தூக்கினால் மற்ற எதுவும் கேள்வி கேட்காது. புதிய கார்களில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பேசிக்கொண்டே இருக்கும். இன்ஜின் கம்ப்யூட்டர் காணாமல் போனால் டாஷ்போர்டில் கார்த்திகை தீபம்தான். சிலவற்றில் ஸ்பீடாமீட்டரே படுத்துவிடும். அப்படிப்பட்ட மாடல் என்றால், மாற்றி முடித்த ஒரு வண்டியை ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

15. கேஸ் போட்ட கார் மலிவாக வந்தால் டிக்கித் தரையைப் பாருங்கள். சிலிண்டருக்காகத் துளை போட்டிருப்பார்கள், பின் ஸ்பிரிங் தொய்ந்திருக்கும். ஆர்.சி.யிலும் கேஸ் ஏறியிருக்கும், அதையும் சரிசெய்ய வேண்டும்.

16. இன்ஜின் நன்றாக இருக்க வேண்டாம், ஆனால் ஓட வேண்டும். செத்த இன்ஜின் வண்டி சும்மாவே கிடைத்தாலும், கட்டி இழுத்து வந்து கியர் பாக்ஸ் ஊளையிடுகிறதா, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? புகை கக்கிக்கொண்டாவது அரை மணி ஓடட்டும். நேர் ரோட்டில் ஒரு நிமிஷம் ஸ்டியரிங் பிடியைத் தளர்த்திப் பாருங்கள். ஆக்சிடென்டில் கோணிய வண்டி தானே ஓரம் போகும். “இன்ஜின் வேலை இருக்கு” என்று விற்பவர் தானாகக் குறைத்துச் சொல்லும் விலை நமக்கு முழு லாபம். நாம் எதற்கு வாங்குகிறோம் என்பதைப் பேரம் முடியும்வரை சொல்லாதீர்கள்.

17. மொத்தச் செலவைப் புதுக் காரோடு வைத்துப் பாருங்கள். லித்தியம் பேட்டரியோடு சின்ன காரை மாற்றச் சில லட்சம் ஆகும். டாடா டியாகோ மின்சாரக் கார் 2022-ல் வந்தபோது ஆரம்ப விலை 8.49 லட்சம். பழைய கார், கிட், டிங்கரிங், டயர் எல்லாம் கூட்டி அந்தப் பக்கம் போய்விட்டால் எதற்கு இந்த அலைச்சல்? டெல்லிக்காரர்கள் நிலை வேறு: 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே தடை வந்ததால், நல்ல கூட்டைக் காப்பாற்ற இது ஒரு வழியானது. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆற அமரக் கணக்குப் போடலாம்.

18. இன்ஷூரன்ஸ்காரரிடம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பேசுங்கள். மாற்றிய வண்டிக்கு பாலிசி தருவார்களா, பேட்டரிக்கு என்ன மதிப்பு போடுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சொல்லாமல் மாற்றிவிட்டு க்ளெய்முக்குப் போனால் கதவு சாத்தப்படும்.

19. பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது? சார்ஜர் பிளக் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வரும். வீட்டில் கார் நிற்கும் இடத்தில் எர்த் சரியாக உள்ள 15 ஆம்பியர் பாயின்ட் இருந்தால் காலி பேட்டரி ஐந்தாறு மணி நேரத்தில், ஒரு ராத்திரிக்குள், நிரம்பிவிடும். மூடி இடது பக்கம், பாயின்ட் வலது பக்கச் சுவரில் என்றால் ஒயர் தினமும் காருக்கு மேலே போகும், அல்லது வாசலில் நடப்பவர் காலில் மாட்டும். கார் பார்க்கப் போகும் முன் சுவரிலிருந்து நிற்கும் இடம்வரை டேப் வைத்து அளந்து ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.