திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல்

விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலைக் கண்டோர், கருங்கல்லைக் கையாளும் தமிழகத்துத் தச்சரின் திறத்தை நன்கறிவர். அத்திறம் கோயிலோடு நின்றுவிடவில்லை. பார்த்தசாரதி கோயில் விளங்கும் சென்னைத் திருவல்லிக்கேணியிலேயே, கருங்கல்லால் எழுந்த பெரிய பள்ளிவாசல் ஒன்று உண்டு. வாலாசாப் பள்ளிவாசல் என்பது அதன் பெயர்.

ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி வாலாசாவின் குடும்பத்தார் 1795ஆம் ஆண்டில் இதனை எழுப்பினர். மரமும் இரும்பும் சேராது கட்டப்பெற்றமை இதன் சிறப்பாகும். இருபுறமும் ஓங்கிய மினாராக்கள். நடுவே தொழுகைக் கூடம். முன்னே பரந்த வெளி. ஒளுச் செய்தற்கு நீர்த்தடாகம். நாடோறும் ஐவேளையும் பாங்கொலி எழுந்ததும், வணிகரும் கூலியாளரும் கற்றோரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் சேர நிற்பர். செல்வர்க்கென அங்குத் தனியிடம் இல்லை. அரசியல் நிருணய சபையில் தமிழின் தொன்மையை எடுத்துரைத்த காயிதே மில்லத் முகம்மது இசுமாயில், 1972இல் மறைந்தபின் இப்பள்ளிவாசல் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

இங்குள்ள பாரசீகக் கல்லெழுத்து ஒன்று கருதத்தக்கது. தமிழில் 'க' ஒன்றையும் 'உ' இரண்டையும் குறித்தல் போல, அரபு எழுத்துகளுக்கும் எண்மதிப்பு உண்டு. இறைவனை நினைத்தலின் பெருமையைக் கூறும் சொற்றொடர் ஒன்றின் எழுத்துகளைக் கூட்டினால் 1209 வரும். அது பள்ளிவாசல் எழுந்த இசுலாமிய ஆண்டாகும். இதனை அமைத்தவர் நவாபிடம் பணியாற்றிய ராஜா மக்கன்லால் கிராத் என்னும் இந்துப் புலவர்! பள்ளிவாசலின் பிறந்தநாளைக் கல்லில் எழுதும் பேற்றை நவாபின் குடும்பத்தார் வேற்றுச் சமயத்தார் ஒருவர்க்கு அளித்தனர். அவரும் அதனை அன்போடு ஏற்றார்.

அவ்வுறவு கல்லோடு உறைந்துவிடவில்லை. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது, சமயப் பூசலால் வீடும் நிலமும் இழந்து சிந்து நாட்டினின்றும் இந்துக்கள் பலர் அகதிகளாய் வந்தனர். அவருள் ஒருவரான தாதா ரத்தன்சந்த், மயிலாப்பூரில் சூஃபிதார் என்னும் அறநிலையத்தை அமைத்தார். பல்லாண்டுகளாக அவ்வறநிலையத்தார் ரமலான் திங்களில் உணவு சமைத்துக் கொணர்ந்து, பள்ளிவாசலில் நோன்பு திறப்போர்க்குத் தம் கையாலேயே பரிமாறி வருகின்றனர்.

இழந்ததை எண்ணிப் பகை வளர்த்தல் எளிது. அவர்களோ பகையை விடுத்து, பசித்தோர்க்கு உணவளிக்கும் அறத்தை மேற்கொண்டனர். நோன்பிருந்தோரும் அவ்வுணவை ஐயமின்றி உவந்து ஏற்கின்றனர். கொடுப்போர் உள்ளமும் கொள்வோர் உள்ளமும் ஒத்த இடத்திலேயே ஒற்றுமை நிலைபெறும் என்பதை இப்பள்ளிவாசல் நமக்கு உணர்த்துகின்றது.