வீணையின் கார்வை பதிவில் தங்க

வீணையில் ஒருமுறை மீட்டினால் ஒரு ஸ்வரத்தோடு முடிந்துவிடாது. மீட்டிய தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்தால், அதே மீட்டில் இன்னும் இரண்டு மூன்று ஸ்வரங்கள் பிறக்கும். முதலாவது உரக்கக் கேட்கும். கடைசியானது மூச்சுக்காற்று அளவுதான். ராகத்தின் உயிர் பெரும்பாலும் அந்தக் கடைசி ஸ்வரத்தில் இருக்கிறது. தனி வீணையைப் பதிவுசெய்யக் கற்பவர் முதலில் காப்பாற்ற வேண்டியதும் அதைத்தான்.

செய்ய வேண்டியவை

• மைக்கை நிறுத்துமுன் காதால் இடம் தேடுங்கள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, வாசிப்பவரைச் சுற்றி மெல்ல நகருங்கள். குடத்தின் எதிரே மந்தர ஒலி ததும்பும். குதிரையின் பக்கம் நகம் படும் சத்தம் தூக்கலாக இருக்கும். மெட்டுகளின் பக்கம் விரல் உரசுவது கேட்கும். மூன்றும் அளவோடு கலக்கும் இடம் பெரும்பாலும் இரண்டு மூன்று அடி தள்ளி அமையும். மைக் அங்கேதான்.

• அறையை முன்பே குளிர்வித்து, ஏசியை அணைத்து, வீணையை அரை மணி நேரம் அங்கேயே வைத்திருந்த பிறகு சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். எஃகுத் தந்தி குளிரில் சுருங்கிச் சுருதி ஏறும், சூட்டில் இறங்கும். தொழில் பழகிய நாட்களில், ஏசி இரைகிறதே என்று ஆலாபனை தொடங்கும் நேரத்தில் அணைத்தேன். இருபது நிமிடத்தில் சாரணித் தந்தியின் சுருதி இறங்கிவிட்டது. வாசித்துக்கொண்டிருந்த அம்மா முகம் சுளிக்காமல் மறுபடி வாசித்தார். ஆனால் முதலில் வந்த காம்போதி திரும்ப வரவில்லை. இன்றும் எனக்கு அது உறுத்தல்.

• ஒலி அளவு பார்க்கத் தானம் வாசிக்கச் சொல்லுங்கள். ஆலாபனையை நம்பி அளவு வைத்தால், தாளத் தந்திகள் சேரும்போது எகிறிவிடும். 24 பிட்டில் பதிந்தால், உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நின்றாலே தாராளம்.

• தம்பூராவை ஹெட்போனில் ஒரு காதுக்கு மட்டும் கொடுங்கள்.

• வளையல், மோதிரம், சரசரக்கும் பட்டு: வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• நாய்ஸ் கேட் போடாதீர்கள். தேய்ந்துகொண்டே போகும் கமகத்தை அது இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். கம்ப்ரஸரை அழுத்தினால் எதிர்ச் சிக்கல்: விரல் உரசல் ஸ்வரத்துக்குச் சமமாக மேலே வந்து உட்காரும்.

• பிக்கப்பை மட்டும் நம்பாதீர்கள். மேடையில் மிருதங்கத்துக்கு ஈடுகொடுக்க அது தேவை; ஸ்டுடியோவில் அந்தக் கட்டாயம் இல்லை. வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் மைக் இல்லாமல்தான் வாசித்தார். வந்தவர்கள் அசையாமல் இருந்து கேட்டார்கள். அந்த நிசப்தத்தை ஸ்டுடியோவில் நம்மால் உண்டாக்க முடியும்.

• சுருதி திருத்தும் மென்பொருள் வேண்டவே வேண்டாம். கமகம் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் நடமாடுவது. மென்பொருள் அதை ஏதாவது ஒன்றில் கட்டிப்போடும்.

• கீர்த்தனையில் பிசகினால் அந்த ஒரு வரியை மட்டும் வாங்கி ஒட்டாதீர்கள். அனுபல்லவி என்றால் அனுபல்லவியின் எடுப்பிலிருந்தே வாங்குங்கள். இல்லையென்றால் காலப்பிரமாணம் ஒட்டிய இடத்தில் தடுக்கும்.

• கடைசி மீட்டு முடிந்ததும் கையைத் தட்டாதீர்கள், “பிரமாதம்” என்று சொல்லாதீர்கள், பதிவை நிறுத்தாதீர்கள். கார்வை அடங்கிய பிறகும் பத்து எண்ணுங்கள். வாசித்தவர் தந்தியிலிருந்து கையை எடுக்கட்டும்.