எழுத்துச் சுமை மிக்க தரவுத்தளமும் முற்குறிப்பேடும்

நாளேட்டிற் பதியாத கணக்கைப் பேரேட்டில் ஏற்றலாகாது என்பதை வர்த்தகம் பயின்ற நம் மாணவர் நன்கறிவர். கணனித் தரவுத்தளமும் இவ்விதியையே கைக்கொள்கின்றது. தரவுப் பக்கத்தில் நிகழ்ந்த மாற்றம் வட்டிற் சேருமுன், அம்மாற்றத்தைப் பற்றிய குறிப்பு வட்டிற் சேர்ந்திருத்தல் வேண்டும். இதனை யாம் முற்குறிப்பு முறை என்போம். 1992 இல் ஏரீஸ் என்னும் பெயரால் இம்முறையை விரித்துரைத்த ஐ.பி.எம். ஆய்வாளருள் முதல்வரான சி. மோகன் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பயின்றவர் என்பது நமக்கு உவகை தருவதொன்று.

போஸ்ற்கிறெஸ் என்னும் தரவுத்தளம் 2001 இல் இம்முறையை மேற்கொண்டது. அதனையே ஈண்டு எடுத்துக்கொள்வாம். மாறிய பக்கங்கள் வட்டெங்கும் சிதறிக் கிடப்பன. குறிப்பேடோ இறுதியில் மட்டும் வளர்வது. ஆதலின் அதனை எழுதுதல் எளிது. எனினும், குறிப்பு வட்டிற் பதிந்தது உறுதியாகும்வரை காத்திருத்தல் வேண்டுமன்றோ? நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வட்டு ஒருமுறை சுழல ஏறக்குறைய 8.3 மில்லிவிநாடி செல்லும். எனவே ஒருவரே ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கும் கருமங்கள் விநாடிக்கு 120 அளவினவே. அத்தகைய வட்டில் ஆயிரக்கணக்கில் முடிந்தனவென ஒருவர் மகிழ்வாராயின், வட்டின் தற்காலிக நினைவகம் பொய்யுரைக்கின்றதோ என அவர் ஐயுறல் நன்று. பல வரிகளை ஒரே கருமத்துள் அடக்கி எழுதுவதே முதல் மருந்து, செலவும் இல்லை.

இனி, பலர் கவனியாது விடும் இடம் செக்பொயின்ற் ஆகும். நினைவகத்தில் மாறிய பக்கங்களை உரிய இடத்திற் சேர்க்கும் இவ்வேலை, வேறு கட்டளை இல்லாவிடின், 5 நிமிடத்துக்கொருமுறையோ, குறிப்பேடு 1 கிகாபைற்று அளவை நெருங்குமுன்னரோ நிகழும். அதன்பின் ஒரு பக்கம் முதன்முறை மாறும்போது, 8 கிலோபைற்றுப் பக்கம் முழுவதும் குறிப்பேட்டில் எழுதப்படும். மின் தடைப்பட்டுப் பக்கம் பாதியளவில் எழுதப்பட்டு நின்றுவிடின் அதனைச் சீர்செய்தற்கு இது வேண்டும். எனவே சில எழுத்துக்களை மாற்றினும் ஒரு முழுப் பக்கத்தின் சுமை. செக்பொயின்ற் அடிக்கடி வரின் குறிப்பேடு பெருக்கும். குறிப்பேடு பெருத்தலால் அடுத்த செக்பொயின்ற் இன்னும் விரைந்து வரும். கால எல்லையை 15 அல்லது 30 நிமிடமாக்கிக் குறிப்பேட்டின் அளவையும் உயர்த்தினால் இச்சுழல் அறும். தரவுத்தளம் வீழ்ந்தெழும்போது மீட்பு நீளும் என்பதே இதற்கு நாம் கொடுக்கும் விலை. எம் கருத்தில் அவ்விலை பெரும்பாலும் கொடுக்கத்தக்கது.

விரைவு வேண்டுவோர் இரு விசைகளை மயங்குவதுண்டு. சிங்கிறனஸ் கொமிற்றை நிறுத்தினால், இயல்பான அமைப்பில், விபத்தின்போது இறுதி 0.6 விநாடிக்குட்பட்ட கருமங்கள் மறையலாம், எஞ்சியவை பழுதுறா. எஃப்சிங்க்கை நிறுத்தினாலோ தரவுத்தளம் முழுவதுமே சிதையலாம். பக்கங்களைப் பார்வையிட்டோர் தொகைக்கு முன்னது பொருந்தும்; பரீட்சைப் புள்ளிகளுக்கும் பணத்துக்கும் அதுவும் ஆகாது. கருமந்தோறும் வேறுவேறாக அமைத்துக்கொள்ள இடமுண்டு.

எஃப்சிங்க்கின் சொல்லையும் ஆராயவேண்டி வந்தது 2018 இல். லினக்ஸ் அது தவறியதை ஒருமுறை அறிவித்துவிட்டு, மறுமுறை கேட்கையில் வெற்றியென விடையளிக்கக்கூடும் என்பது அப்பொழுது தெரியவந்தது. 2019 இல் வந்த திருத்தங்களின்பின், போஸ்ற்கிறெஸ் அத்தவறு கண்டவுடன் தானே நின்று, குறிப்பேட்டை முன்னைய செக்பொயின்றிலிருந்து மீளப் படித்தெழுகின்றது.